கடைமடை மைதானத்துக்கு ஒரு முறைப்பாசனம்

 

அணியின் பயிற்சித் திட்டத்தை மென்பொருளில் நடத்துவது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதும் சில பேர் முகத்தில் ஒரு கேள்வி ஓடியது. மைதானத்துக்கு வேலியில்லை. கோல் கம்பத்துக்கு வலையில்லை. மழை பெய்தால் பத்து நாள் தண்ணீர் வடிவதில்லை. இந்த லட்சணத்தில் நமக்கு மென்பொருள் எதற்கு?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். வசதி உள்ளவனுக்கு மென்பொருள் ஒரு சௌகரியம். நம்மைப் போல் தனித்துக் கிடக்கும் ஊருக்கு அது தேவை. ஏன் தேவை? நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று முதலில் பாருங்கள்.

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த மண், நம் காரைக்கால். 1954 நவம்பர் 1 வரை அவர்கள் கொடி இங்கே பறந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். அன்றிலிருந்து இன்றுவரை நாம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். ஆனால் புதுச்சேரி நகரம் இங்கிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். சுற்றிலும் தமிழ்நாடு. எல்லையில் ஓடும் நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் விளையாடும் பையன் தமிழ்நாட்டு அணிக்குத் தேர்வுக்குப் போகிறான். இந்தப் பக்கம் விளையாடும் பையன் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறான். மண் ஒன்று, காற்று ஒன்று, செலக்‌ஷன் மட்டும் வேறு.

இன்னொன்றும் உண்டு. நம் பிரதேசம் நான்கு துண்டு. புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்தில் ஏனாம். நம் அரசுப் பள்ளியில் ஒரு நல்ல பி.டி. சார் மூன்று வருஷம் உழைத்து ஓர் அணியை உருவாக்குகிறார். ஒருநாள் மாற்றல் உத்தரவு வருகிறது. அவர் ஏனாமுக்குப் போகிறார். அவரோடு எது போகிறது? அவருடைய குயர் நோட்டு போகிறது! எந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கும், எந்தப் பையன் வேகமாக ஓடிவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வான், யாருக்கு எத்தனை வாரம் கழித்துப் பாரம் கூட்டலாம், அத்தனையும் அந்த நோட்டில் இருந்தது. நோட்டில் ஏறாதது அவர் மனதில் இருந்தது. புதிதாக வருகிறவர் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறார். பிள்ளைகள் மூன்று வருஷம் பின்னால் போகிறார்கள்.

அந்த மூன்று வருஷம் யாருடைய சொத்து? ஆசிரியருடையதா? பள்ளியுடையதா? பிள்ளையுடையது, ஐயா! பிள்ளையின் உடம்பில் எழுதப்பட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு பிள்ளையோடு இருக்க வேண்டும். மென்பொருள் வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதற்காரணம் இதுதான்.

சரி, பயிற்சித் திட்டம் என்றால் என்ன? திங்கட்கிழமை ஓட்டம், செவ்வாய்க்கிழமை பாஸ், புதன்கிழமை மேட்ச் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவதா? அது கால அட்டவணை. திட்டம் வேறு. அதை உங்களுக்கு விளக்க நான் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. நாம் கடைமடைக்காரர்கள். காவிரி நம் வாசலில்தான் முடிகிறது. 2007இல் வந்த நடுவர் மன்றத் தீர்ப்பில் நமக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கினார்கள். அந்த ஏழும் ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும்? பயிர் அழுகும். ஒரு மாதம் வராமலே இருந்தால்? பயிர் கருகும். அதனால்தான் நம் பாட்டன்மார் முறை வைத்தார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். பாய்ச்சிய வயலைக் கொஞ்சம் காயவும் விடுவார்கள். அப்போதுதான் வேர் ஆழம் தேடி இறங்கும்.

விளையாட்டுப் பயிற்சியும் முறைப்பாசனம்தான். உடம்புக்குப் பாரம் கொடுப்பது பாய்ச்சல். ஓய்வு கொடுப்பது காய்ச்சல். பாய்ச்சலும் காய்ச்சலுமாக மாறி மாறி வந்தால் உடம்பு தேறும். இதை உலகத்துக்குப் புத்தகமாக எழுதிக் கொடுத்தவர்கள் கிழக்கு ஐரோப்பாக்காரர்கள். சோவியத் நாடு முதன்முதலில் ஒலிம்பிக்குக்கு வந்தது 1952இல், ஹெல்சிங்கியில். அதன்பின் அவர்களுடைய வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை அடுக்கி வைத்து ஆராய்ந்து, வருஷத்தைப் பருவங்களாகவும் பருவத்தை வாரங்களாகவும் பிரித்துச் சொன்னார் லெவ் மத்வேயெவ். ருமேனியாவில் டியூடர் போம்பா அதே வழியில் ஒரு பெண்ணுக்கு ஈட்டி எறியப் பயிற்சி கொடுத்தார். மிஹேலா பெனேஷ் என்ற அந்தப் பெண் 1964இல் டோக்கியோவில் தங்கம் வாங்கினாள். அப்போது அவளுக்கு வயது 17. நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் வயது!

அன்றைக்கு அவர்களிடம் கணினி இருந்ததா? இல்லை. தாளும் பென்சிலும் இருந்தன. ஆனால் எழுதினார்கள். தினமும் எழுதினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி இங்கே வருவேன்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். விளையாட்டில் மென்பொருள் என்றால் வெள்ளைக்காரன் வேலை என்று நினைக்க வேண்டாம். 2003 உலகக் கோப்பைக்கு இந்திய கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்கா போனது. ஜான் ரைட் பயிற்சியாளர், கங்குலி கேப்டன். அந்த அணியோடு மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தமிழர் போனார். எஸ். ராமகிருஷ்ணன், சென்னைக்காரர். ஒவ்வொரு பந்தையும் பதிவு செய்து, வெட்டி, அடுக்கி, எந்த வீரர் எங்கே தடுமாறுகிறார் என்று காட்டியவர். அந்த அணி இறுதிப் போட்டி வரை போனது. அவர் சென்னையில் தொடங்கிய ஸ்போர்ட்ஸ்மெக்கானிக்ஸ் நிறுவனம் வழியாக இந்தத் துறைக்குள் எத்தனையோ பேர் வந்தார்கள். பிரசன்னா அகோரம் தென்னாப்பிரிக்க அணிக்கே பல வருஷம் ஆய்வாளராக இருந்தார். தமிழ்ப் பிள்ளைகளால் இது முடியும் என்றால், நம் நெடுங்காட்டிலும் நிரவியிலும் வளரும் பிள்ளைகளால் ஏன் முடியாது?

ஆனால் அது ஆட்டத்தை ஆராயும் மென்பொருள். நாம் பேசுவது பயிற்சியை நடத்தும் மென்பொருள். இதில் என்ன இருக்கிறது? ஒரு காலண்டர் இருக்கிறது. போட்டித் தேதியைப் போட்டு, பின்னோக்கி வாரங்களைப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளுக்கும் பயிற்சியை எழுதலாம். எழுதியது வீரர்களின் கைபேசிக்குப் போகும். காலையில் எழுந்ததும் பிள்ளையிடம் நான்கு கேள்வி கேட்கும். தூக்கம் எப்படி? அலுப்பு எப்படி? உடம்பு வலி எப்படி? மனக்கவலை எப்படி? ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை அழுத்தினால் போதும். பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று கேட்கும். அத்தனை பேர் பதிலையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பயிற்சியாளருக்கு ஒரே திரையில் காட்டும். பெரிய கிளப்புகள் முதுகில் ஜி.பி.எஸ். கருவி கட்டி ஓடிய தூரத்தையும் இதில் சேர்ப்பார்கள். நமக்கு அது வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது ஒரே ஒரு கணக்கு. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எளிமையாக்கித் தந்த கணக்கு. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்துப் பிள்ளையிடம் கேளுங்கள்: இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, சுழியிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல். அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடப் பயிற்சிக்குப் பிள்ளை 6 என்று சொன்னால் 540. அன்றைய லோடு அதுதான். கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம், கரண்ட்கூட வேண்டாம்.

ஃபாஸ்டரும் அவரோடு இருந்தவர்களும் இந்தக் கணக்கை வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கேட்டால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். பயிற்சியாளர் இன்று லேசான நாள் என்று திட்டம் போட்ட அன்றைக்கு, வீரர்கள் அவர் நினைத்ததைவிடக் கடினமாக உழைத்திருந்தார்கள். இன்று கடினமான நாள் என்று அவர் நினைத்த அன்றைக்கு, நினைத்த அளவுக்கு உழைக்கவில்லை. முடிவு என்ன? எல்லா நாளும் ஒரே மாதிரி நாளாகிவிட்டது. பாய்ச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வயலில் எப்போதும் கணுக்கால் தண்ணீர்! நாம் போட்ட திட்டம் ஒன்று, பிள்ளையின் உடம்பில் நடப்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் காட்டுவதுதான் இந்த மென்பொருளின் மிகப் பெரிய வேலை.

அந்த இடைவெளியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். இதை மேடையில் சொல்வது எனக்கு எளிதல்ல. ஆனாலும் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன் எங்கள் கால்பந்து அணியில் ஒரு பையன் இருந்தான். கடலோரக் கிராமத்துப் பையன். பத்தொன்பது வயது. தடுப்பாட்டக்காரன். நல்ல உயரம், நல்ல தாவல், தலையால் முட்டினால் பந்து பாதி மைதானம் போகும். செலக்‌ஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பிராக்டிஸ். அவன் சோர்ந்து சோர்ந்து வந்தான். ஓட்டத்தில் கடைசி. எனக்குக் கோபம். ஒருநாள் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு, நீ மட்டும் இன்னும் இரண்டு ரவுண்டு ஓடு என்றேன். ஓடினான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இரண்டாவது ரவுண்டின் வளைவில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஈர வலை காய்ந்துகொண்டிருந்தது. அவன் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னார்கள்: “சார், ராத்திரி ரெண்டு மணிக்கே அவங்க அப்பாகூட ஃபைபர் போட்டுல போயிடறான். வலை இழுத்துட்டு விடிஞ்சுதான் கரைக்கு வர்றான். உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. மூன்று மாதம் தினமும் பார்த்த பையன். அவன் கோல் கணக்கு தெரியும், பூட்ஸ் சைஸ் தெரியும். அவன் எப்போது தூங்குகிறான் என்று தெரியாது.

பின்னால் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பயிற்சி 75 நிமிடம், கடினம் 6. லோடு 450. வலை இழுப்பதை மூன்று மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள், கடினம் 5. அது 900. கடல் வேலைக்காக யாரும் இந்தக் கணக்கை உருவாக்கவில்லை. அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். என் தாளில் 450. அவன் உடம்பில் 1,350. மூன்று மடங்கு! அதன் மேல்தான் இரண்டு ரவுண்டு கூடுதலாக ஓடச் சொன்னேன். அவன் அந்த வருஷம் செலக்‌ஷனுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் விசைப்படகில் வேலைக்குப் போய்விட்டான்.

அன்பர்களே, காலையில் தூக்கம் எப்படி என்று கைபேசி கேட்கும் அந்த ஒரு கேள்வியை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால்? ஒரே ஒரு கேள்வி!

அதனால்தான் சொல்கிறேன். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் திட்டங்களை அப்படியே இறக்கிப் போடாதீர்கள். பன்னிரண்டு வாரத் திட்டம், பதினாறு வாரத் திட்டம் என்று அழகாக இருக்கும். அதை எழுதியவன் ஆகஸ்டில் ஆரம்பித்து மே மாதத்தில் முடியும் ஐரோப்பிய சீசனுக்காக எழுதியிருக்கிறான். அவனுக்குக் காரைக்கால் தெரியாது. காலண்டரைத் திறந்ததும் நாம் முதலில் போட வேண்டியது போட்டித் தேதி அல்ல. நம் ஊரின் காலத்தைப் போட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் காசாக்குடிமேட்டிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகில் போகும் இளைஞர்கள் ஊரில் இருப்பார்கள். வருஷத்தில் அவர்கள் முழுதாகத் தூங்கும் இரண்டு மாதம் அது. உடம்பை உறுதிப்படுத்த இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அந்த இரண்டு மாதத்தையும் டோர்னமென்ட்டால் நிரப்பிவிடுகிறோம். கடற்கரையில் விளக்குப் போட்டு இரவு முழுக்கக் கபடி. ஒரே இரவில் மூன்று ஆட்டம், நான்கு ஆட்டம். மறுநாள் வேறு ஊர். ஜூன் 15 அன்று படகேறும்போது பையன் முழங்காலில் கட்டு! டோர்னமென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஊரின் மகிழ்ச்சி, பஞ்சாயத்தின் பெருமை. முதல் ஐந்து வாரம் உடம்பைக் கட்டுவோம், பிறகு ஆடுவோம். பஞ்சாயத்தார்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களிடம்தான் கேட்கிறேன்.

அதே காலத்தில்தான் கத்திரி வெயிலும் வருகிறது. நமக்கு வெயிலைவிடக் கடல் காற்றின் புழுக்கம் கொடியது. வியர்வை வழியும், உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உடம்பு வெயிலுக்குப் பழக பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரம் பாரத்தைப் பாதியாக்குங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளையை எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். ஐம்பது கிலோ பிள்ளைக்கு அந்த ஒரு கிலோவே எச்சரிக்கை. உப்புப் போட்ட நீர்மோரை ஒரு பானையில் கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள். அந்த எடையையும் மென்பொருளில் ஏற்றுங்கள்.

அக்டோபர் வந்தால் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் வரை மைதானம் குளம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மைதானத்தை யார் நினைத்தோம், கூரையைத்தான் நினைத்தோம். அந்த மூன்று மாதத்தை வீணாய்ப் போன காலம் என்று காலி விடாதீர்கள். பள்ளி வராந்தா இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. உடம்பு எடையை வைத்தே செய்யும் பயிற்சிகள் அந்த மூன்று மாதத்துக்குப் போதும். ஜனவரியில் அறுவடையும் பொங்கலும். மார்ச்சில் பரீட்சை. பரீட்சை நேரத்தில் தூக்கம் குறையும். தூக்கம் குறைந்தால் அடிபடுவதும் கூடும், அதனால் பாரத்தைக் குறையுங்கள். ஆனியில் நம் ஊர் மாங்கனித் திருவிழா. அன்றைக்குப் பிராக்டிஸ் வைத்தால் யார் வருவார்கள்? அதை ஓய்வு நாளாக முன்கூட்டியே போட்டுவிட்டால், பிள்ளையும் குற்ற உணர்வு இல்லாமல், வீசும் மாங்கனியைப் பிடிக்கப் போவான்.

நோன்பு மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் அணிகளில் இஸ்லாமியப் பிள்ளைகள் இல்லாத அணி எது? ரமலான் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. போன வருஷத் திட்டத்தைக் காப்பி எடுத்து ஒட்டினால் இந்த வருஷம் தப்பாகிவிடும். நோன்பிருக்கும் பிள்ளைக்குக் கடினமான பயிற்சியை நோன்பு திறந்த பின் இரவுக்கு மாற்றலாம். மாலையில் அவன் வந்தால் பந்தைத் தொடும் நுணுக்க வேலை மட்டும் கொடுக்கலாம். ஒரே அணிக்குள் ஒரு பிள்ளைக்கு ஒரு திட்டம், இன்னொரு பிள்ளைக்கு வேறு திட்டம். குயர் நோட்டில் இது பெரும்பாடு. மென்பொருளில் இரண்டு நிமிட வேலை.

ஆளுக்கொரு திட்டமா, அது பாரபட்சம் அல்லவா என்று கேட்பீர்கள். 2025இல் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து போனதை எல்லோரும் பார்த்தீர்கள். ஐந்து டெஸ்ட். பும்ராவுக்கு அந்த ஜனவரியில்தான் சிட்னியில் முதுகு பிடித்திருந்தது. அவர் மூன்று டெஸ்டில்தான் ஆடுவார் என்று தொடர் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர். மூன்றோடு நிறுத்தினார்கள். வெளியில் எவ்வளவு பேச்சு! அதே தொடரில் சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடினார். 185.3 ஓவர் வீசினார். 23 விக்கெட் எடுத்தார். ஒரு தொடர், இரண்டு பந்துவீச்சாளர்கள், இரண்டு உடம்பு, இரண்டு திட்டம். பும்ரா சோம்பேறியா? சிராஜுக்குக் கொடுமையா? இரண்டும் இல்லை. உடம்புக்கு ஏற்ற முறை.

ஓய்வைப் பற்றி இன்னொரு சாட்சி. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்று ஒரு கால்பந்து கிளப். 2015-16 சீசனில் பெரும் பணக்காரக் கிளப்புகளையெல்லாம் தள்ளிவிட்டு பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் ரனியேரி வாரத்தில் இரண்டு நாள் வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தார். அந்த வருஷம் லீக்கிலேயே மிகக் குறைவாக, 23 வீரர்களைக் கொண்டு சீசனை முடித்த அணி அது. ஆட வேண்டியவர்கள் ஆடும் நிலையில் இருந்தார்கள். அதுவே அவர்களுக்குப் பெரிய பலம். நம்மிடம் இருப்பது பதினாறு பிள்ளைகள். அதில் நான்கு பேர் காலில் கட்டோடு உட்கார்ந்தால் யாரை வைத்து ஆடுவது?

இவ்வளவு பெருமை பேசிவிட்டேன். எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்.

முதல் எச்சரிக்கை, பச்சை விளக்கை நம்பி ஏமாறாதீர்கள். இந்த வாரத்து லோடை, கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து ஒரு விகிதம் காட்டும் மென்பொருள்கள் உண்டு. 0.8க்கும் 1.3க்கும் நடுவில் இருந்தால் பாதுகாப்பு, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து என்பார்கள். டிம் கேபெட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரால் புகழ் பெற்ற கணக்கு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் இதன் மேல் கடுமையான கேள்விகள் எழுப்பியிருக்கிறார்கள். என் தீர்ப்பு இது: திடீரென்று பாரத்தை ஏற்றாதே என்று சொல்லும் அளவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைக்கு அடிபடாது என்று எந்த எண்ணும் ஜாமீன் கொடுக்க முடியாது. திரை பச்சையாக இருந்தாலும் பிள்ளை நொண்டினால் உட்கார வையுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை பொய்க் கணக்கு. சிவப்புக் காட்டிய பிள்ளையை மறுநாள் அணியிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். அதன்பின் உங்கள் அணியில் எல்லோரும் நன்றாகத் தூங்குவார்கள்! ஒருவருக்கும் வலி இருக்காது! ஒரே நிமிடத்தில் பதினாறு பேரும் ஒரே எண்ணை அழுத்துவார்கள். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை, பயந்து சொல்கிறார்கள். வலிக்கிறது என்று உண்மை சொன்ன பிள்ளையை முதுகில் தட்டிக் கொடுங்கள், எல்லோர் முன்னாலும் தட்டிக் கொடுங்கள். அந்தத் தட்டலை எந்த மென்பொருளும் செய்யாது.

மூன்றாவது, நம் பெண் பிள்ளைகள். 2019இல் உலகக் கோப்பை வென்ற அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணி, வீராங்கனைகளின் மாதவிடாய் நாள்களையும் ஒரு செயலியில் குறித்து, அதற்கேற்ப உணவையும் தூக்கத்தையும் ஓய்வையும் சீர் செய்துகொண்டது. நல்ல காரியம். நம் பிள்ளைகளுக்கும் இது உதவும். வயிற்று வலியோடு ஓடிக்கொண்டு வாய் திறவாமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் இந்த மாவட்டத்தில்! ஆனால் அந்தக் குறிப்பை யார் பார்ப்பது? ஆண் பயிற்சியாளர் பார்க்க வேண்டுமா? வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமா? கூடவே கூடாது. ஓர் ஆசிரியை, அல்லது அந்தப் பிள்ளை மட்டும். சட்டமும் இருக்கிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தத் தாய் நம்மை நம்பிப் பிள்ளையை அனுப்பியிருக்கிறார்.

சார், எங்கள் பிள்ளைகளிடம் போனே இல்லையே என்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு கடலில் இருக்கிறது. தெரியும். மத்வேயெவிடம் இருந்தது தாளும் பென்சிலும் என்று சொன்னேனே, அதற்குத்தான். கிரவுண்டுக்கு வரும் வாசலில் ஓர் அட்டை தொங்கட்டும். பிள்ளை தன் பெயருக்கு நேரே எண்ணை எழுதிவிட்டு உள்ளே வரட்டும். இரவில் ஆசிரியர் அதைத் தன் போனில் ஏற்றட்டும். பணம் கட்டி மென்பொருள் வாங்க முடியாத அணிக்கு இலவச விரிதாள் ஒன்று போதும். கூகுள் கணக்கு இருந்தால் யாரும் திறக்கலாம். அந்தக் கணக்கு ஆசிரியரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டாம், அணியின் பெயரில் இருக்கட்டும். அப்போதுதான் அவர் மாற்றலாகிப் போகும்போது சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக முடியும்.

எழுதி வைத்த குறிப்பு தேர்விலும் கைகொடுக்கும். 2018இல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் உள்நாட்டுப் போட்டிகளில் புதுச்சேரிக்குத் தனி அணி கிடைத்தது. அந்த சீசனிலேயே ரஞ்சிக் கோப்பையில் நம் அணி இறங்கியது. நம் பிள்ளைகளுக்கும் அங்கே போக ஒரு பாதை திறந்தது. கிரிக்கெட்டோ, கால்பந்தோ, கபடியோ, 130 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் ஒருநாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நம் பிள்ளையை எடை போடுகிறார். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், பஸ் பிரயாணக் களைப்பாக இருக்கலாம். இரண்டு வருஷப் பயிற்சிக் குறிப்பு கையில் இருந்தால், ஐயா, இதையும் பாருங்கள் என்று அவர் முன்னால் வைக்கலாமே! கடைமடையிலிருந்து நம் குரல் அவ்வளவு தூரம் போகாது. எழுதி வைத்த கணக்கு போகும்.

உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பயிற்சிக்கு முன், விசில் அடிப்பதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள்: “நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே? விடியறதுக்கு முன்னாடி என்ன வேலை செஞ்சே?” பதிலைப் பெயருக்கு நேரே எழுதுங்கள். இருபத்தெட்டு நாள் விடாமல் எழுதுங்கள். எழுதிய தாளோடு என்னிடம் வாருங்கள், கணினியில் ஏற்ற நானே கூட உட்காருகிறேன்.